நூரியின் முதுகு

முத்துலிங்கத்துக்கு இரண்டு வீடு என்று அவருடைய மனைவி கனகேஸ்வரி வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். ஒன்று கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில், லிஃப்ட் நினைத்தால் மட்டும் வேலை செய்கிற ஓர் அடுக்குமாடியில் இருந்தது. மற்றது மட்டக்குளிப் பாலத்துக்கு அப்பால், ஆறு கடலில் விழுகிற பக்கம், தகரக் கூரை போட்ட ஒரு குதிரை லாயம். செவ்வாயும் வெள்ளியும் அவர் அங்கே போய்த் திரும்பினால், கதவைத் திறக்கும்போதே அவள் மூக்கைப் பொத்திக்கொள்வாள்.

“மற்ற வீட்டுக்காரி சுகமா இருக்கிறாவோ?”

“அவவுக்கு முதுகு இன்னும் நோகுது.”

“எனக்கும்தான் நோகுது. வெள்ளவத்தையிலை இருக்கிற முதுகு உங்கட கண்ணிலை படாது.”

மற்ற வீட்டுக்காரி என்பது நூரி என்ற பெண்குதிரை. செம்மண் நிறம், நெற்றியில் ஒரு வெள்ளைச் சுட்டி. முத்துலிங்கம் அதற்கு மசாஜ் செய்கிறவர். இதைக் கேட்டுச் சிரிக்க நினைப்பவர்கள் தாராளமாகச் சிரித்து முடிக்கலாம். அவருடைய சொந்தக்காரர்கள் எல்லோரும் எப்போதோ சிரித்து ஓய்ந்துவிட்டார்கள்.

அவர் முறையாகப் படித்த பிசியோதெரபிஸ்ட். ஒரு தனியார் மருத்துவமனையில் தலை நரைக்கும்வரை வேலை செய்தவர். பக்கவாதம் வந்த கைகள், விழுந்து முறிந்த இடுப்புகள், கொம்பியூட்டருக்கு முன்னால் கூனிப்போன கழுத்துகள் என்று கொழும்பின் நோவில் பாதி அவர் கைக்குள்ளால் போயிருக்கும். ஓய்வு பெறப்போகும் சமயத்தில் ஷிப்லி ஹாஜியார் தோள் பிடித்துப்போய் வந்து சேர்ந்தார். புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருப்பவர். மேல் தட்டிலிருந்து ஒரு துணிக்கட்டை இறக்கவும் கை எழும்பவில்லை. சில மாதத்தில் கை எழும்பியது. எழும்பிய கையாலேயே முத்துலிங்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

“சேர், ஆத்துக்கு அங்கால நான் நாலைஞ்சு குதிர வெச்சிருக்கன். அதுகளுக்கும் நோவு ஈக்கிது. ஒருக்கா வந்து பாருங்களேன்.”

“ஹாஜியார், நான் மனிசருக்குத்தான்.”

“சதையெண்டா சதைதானே சேர்.”

அப்படி இல்லை என்பது முதல் நாளே தெரிந்தது. ஒரு குதிரை அவருடைய பாதத்தில் ஏறி நின்றுவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல வைக்கோல் தின்றது. நொண்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தவரைக் கண்டு கனகேஸ்வரி விழுந்து விழுந்து சிரித்தாள். “நல்லெண்ணெய் பூசி உருவிவிட்டனீங்களோ?” என்று கேட்டாள். குதிரைக்கு எண்ணெய் பூசுவதில்லை, பூசினால் தூசி ஒட்டிச் சேணம் உரசும் என்று அவர் பாடம் எடுக்கத் தொடங்கியபோது அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். மகள் போனதற்குப் பிறகு அவர் இவ்வளவு நீளமாகக் கதைத்தது அன்றைக்குத்தான்.

மகள் ஆரணி கனடாவில் இருக்கிறாள். பெற்றோலுக்கு வரிசையில் நின்ற அந்த வருஷத்தில் போனவள். கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஒரு வான் பிடித்து மூன்று பேருமாகப் போனார்கள். இறங்கிய பிறகுதான் அவளுடைய குளிர்ச்சட்டை வானின் பின்சீற்றில் கிடப்பது ஞாபகம் வந்தது. முத்துலிங்கம் அதை எடுக்க ஓடினார். வாகனம் நிறுத்துகிற இடம் தூரம். அவர் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மூச்சிரைக்க வந்தபோது வாசலில் கனகேஸ்வரி மட்டும் நின்றாள்.

“உள்ளுக்குப் போயிட்டாள்” என்றாள்.

“ஏன், நேரம் இருக்குதுதானே?”

கனகேஸ்வரிக்கு ஒன்றையும் மறைக்கத் தெரியாது. மகள் சொன்னதை அச்சுப் பிசகாமல் ஒப்புவித்தாள். “அப்பான்ரை முகத்தைக் கண்டா எனக்குக் கால் வராதம்மா, நான் போறன் எண்டு சொல்லிப்போட்டு ஓடிட்டாள்.”

‘போறன்.’ அந்தச் சொல் முத்துலிங்கத்தின் நெஞ்சில் தைத்தது. எங்கள் ஆட்கள் கடைக்குத் தேங்காய் வாங்கப் போனாலும் ‘போட்டு வாறன்’, போய்விட்டு வருகிறேன் என்றுதான் சொல்வார்கள். போகிறேன் என்று சொன்னால் திரும்பி வராத போக்கு. ஒன்றுமே சொல்லாமல் போவது கோபித்துக்கொண்டு போவது. மகள் இரண்டையும் ஒன்றாகச் செய்துவிட்டாள். முத்துலிங்கமோ இந்த விஷயத்தில் மிகவும் கண்டிப்பானவர். நினைவில்லாமல் கிடக்கிற நோயாளிக்குக்கூடக் காதுக்குக் கிட்டே குனிந்து “போட்டு வாறன் ஐயா” என்று சொல்லிவிட்டுத்தான் அறையை விட்டு வெளியேறுவார்.

அந்தக் குளிர்ச்சட்டை இன்னும் உள்ளறைச் சுவரில் ஒரு கொளுக்கியில் தொங்குகிறது. அதை மடித்து வைக்கக் கனகேஸ்வரிக்கு அனுமதி இல்லை. ஆரணி போன் எடுக்கும்போது அவர் வாங்கிக் கதைப்பதும் இல்லை. “சுகமா இருக்கிறாள்தானே, எனக்கு அது காணும்” என்று அடுத்த அறைக்குப் போய்விடுவார். அடுத்த அறை என்று பெயர். நடுவில் இருப்பது ஒரு திரைச்சீலைதான். கனகேஸ்வரி வேண்டுமென்றே ஸ்பீக்கரைப் போட்டுவிடுவாள். அவர் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ஒரு பக்கத்தையும் புரட்டாமல் இருப்பார். ஆயுள் முழுக்க ஊரார் உடம்பைத் தொட்டுச் சுகப்படுத்திய கைக்கு, சொந்தப் பிள்ளையின் தலையை ஒரு தரம் தடவக் கிடைக்கவில்லையே என்று அவருக்கு ஏங்கும். வெளியில் சொல்லமாட்டார்.

நூரி அந்த ஏக்கத்துக்கு நடுவில்தான் வந்தது. கப்பலில் இந்தியாவிலிருந்து வந்த குதிரை. முதலில் வாங்கியவன் அதைக் கலியாண ஊர்வலங்களுக்கு வாடகைக்கு விட்டான். ஜரிகையும் கண்ணாடியும் வைத்த கனத்த சேணம், அளவில்லாத சேணம், முதுகை அழுத்தி அழுத்தி முள்ளந்தண்டுக்கு இரு பக்கமும் தசை இறுகிப்போய்விட்டது. அதைக் கண்டு இரக்கப்பட்டு ஷிப்லி வாங்கினார். வாங்கிய பிறகு இன்னொரு துன்பம் தெரிந்தது: கொழும்பு வெக்கை அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. வியர்க்கவே மறந்துபோய், மத்தியானத்தில் மூக்குத்துவாரம் விரிய மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும். லாயத்தைப் பார்த்துக்கொண்ட பியதாச அதற்கு மேல் தண்ணீர் பீய்ச்சுவார், மின்விசிறி போடுவார்.

மிருக வைத்தியர் டொக்டர் நதா வந்து பார்த்துவிட்டு ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். “குளிர் இடத்துக்குப் போனா இது நல்லா ஈக்கும் ஹாஜியார். நுவரெலியாவுல தெரிஞ்சவங்க ஈக்கிறாங்க, புல்லுக் காணியோட. ஆனா அவங்களுக்கு ஓடுற குதிர வேணும். முதுகு நோவோட இத எடுக்கமாட்டாங்க.”

“எடுக்காட்டி?” என்றார் ஷிப்லி.

“இங்கேயே நிக்கும். விசிறிக்குக் கீழ.”

முதுகைச் சரிப்படுத்துகிற வேலை முத்துலிங்கத்தின் கைக்கு வந்தது. எங்கே அழுத்தலாம், எங்கே கை வைக்கவே கூடாது என்று நதா காட்டிக் கொடுத்தார். மிச்சத்தை அவர் லப்டொப்பில் பாடம் பார்த்துப் பழகியிருந்தார்.

முதலில் கழுத்தில் கையை விரித்து வைத்துக்கொண்டு சும்மா நிற்க வேண்டும். ‘நான் வந்திருக்கிறன்’ என்று கை சொல்லவேண்டும், அதைக் குதிரை ஏற்றுக்கொள்ளவேண்டும். பிறகு பிடரிமயிர் முடிகிற இடத்திலிருந்து இடுப்புவரை, முள்ளந்தண்டை விட்டு விலகி, விரல் நுனியால் மெதுவாக இறங்கவேண்டும். இறுகின இடம் வந்தால் அழுத்திச் சண்டை பிடிக்கக்கூடாது, அங்கேயே காத்திருக்கவேண்டும். தசை விட்டுக் கொடுக்கிற நேரத்தில் குதிரையின் கீழுதடு தொங்கும், கண் பாதி மூடும், வாயில் ஒன்றுமில்லாமலே சப்பும். சில நாட்களில் நூரி பெரிதாகக் கொட்டாவி விட்டு, தலையை முத்துலிங்கத்தின் நெஞ்சில் சாய்த்துவிடும். அந்தப் பாரத்தைத் தாங்கிக்கொண்டு அவர் அசையாமல் நிற்பார். ஒரு உயிர் தன்னை நம்பிச் சாய்வது எவ்வளவு ஆறுதல் என்று அவருக்கு அப்போது தோன்றும்.

எல்லாம் முடிந்ததும் கழுத்தில் தட்டி, “போட்டு வாறன் நூரி” என்று சொல்லிவிட்டுப் புறப்படுவார்.

மாதங்கள் போயின. ஒவ்வொரு செவ்வாயும் இளக்கிவிட்டு வருகிற முதுகு வெள்ளிக்கிழமை போனால் மறுபடி பலகையாக இருந்தது. சாப்பாட்டை மாற்றிப் பார்த்தார்கள். தரையில் மரத்தூள் போட்டுப் பார்த்தார்கள். யாரோ திருட்டுத்தனமாக ஏறி ஓட்டுகிறார்கள் என்று பியதாசமேல் ஷிப்லி சந்தேகப்பட, அந்த மனிதர் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை முத்துலிங்கம் “போட்டு வாறன் நூரி” என்று சொல்லிவிட்டு வாசல் படலைவரை போனவர், மூக்குக்கண்ணாடியைக் குறுக்குமரத்தில் விட்டுவிட்டது தெரிந்து திரும்பி வந்தார். கண்ணாடியை எடுக்கும்போது மற்றக் கை பழக்கத்தில் நூரியின் முதுகில் பட்டது. திடுக்கிட்டுப்போனார். சற்றுமுன் வெண்ணெயாக இளகியிருந்த முதுகு கல்லாக இருந்தது. கழுத்து நிமிர்ந்து, காது இரண்டும் படலைப் பக்கம் திரும்பி, நாலு காலும் தரையில் ஊன்றி நின்றது.

அவர் மறுபடி இளக்கினார். உதடு தொங்கியது. கையை எடுக்காமலேயே, பரிசோதனையாக, மெல்ல “போட்டு வாறன்” என்றார். விரலுக்குக் கீழே தசை நரம்பு நரம்பாக இறுகிக்கொண்டு போவதை உணர்ந்தார். அந்தச் சொல்லுக்கு நூரி கண்ட அர்த்தம் ஒன்றே ஒன்றுதான்: இந்தக் கை போகப்போகிறது. ‘வாறன்’ என்ற பாதி அதற்கு விளங்கவே இல்லை.

இவ்வளவு காலமும் தான் செய்த வேலையைத் தானே தன் மரியாதையால் குலைத்துக்கொண்டு வந்திருக்கிறார்! அன்று பஸ்ஸில் வரும்போது தனக்குத்தானே சிரித்தார். புறக்கோட்டை தாண்டும்போது சிரிப்பு நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு சொல்லாமல் போகப் பழகினார். தண்ணீர் வாளியை எடுத்துக்கொண்டு, இதோ வருகிறவர்போல வெளியே போவார். அப்படியே படலையைத் தாண்டிவிடுவார். நூரி அவர் தண்ணீர் கொண்டுவருவார் என்று நினைத்து நிம்மதியாக நிற்கும், அப்படியே கண் அயரும். முத்துலிங்கத்துக்குத்தான் நிம்மதி இல்லை. திருடிவிட்டு ஓடுகிறவனாக உணர்ந்தார். பியதாச குழம்பிப்போய் ஒரு நாள் பின்னால் ஓடிவந்தார். சிங்களவர்களும் ‘கிஹின் என்னங்’ என்று, போய் வருகிறேன் என்றுதான் சொல்லிப் பிரிவார்கள்.

“மஹத்தயா தரஹத?” என்று கேட்டார். ஐயாவுக்குக் கோபமா என்று.

முத்துலிங்கம் கோபமில்லை என்று தனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கினார். சொல்லாமல் போனால் கோபம் என்று அர்த்தமில்லை, அதனுடைய நன்மைக்குத்தான் சொல்லாமல் போகிறேன் என்றார். சொன்ன பிறகு, அந்த வசனம் தன் வாயிலிருந்தா வந்தது என்று கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நூரியின் முதுகு தேறியது. மழைக்காலம் முடிவதற்குள் வட்டமாக ஓடத் தொடங்கியது. தேறத் தேற முத்துலிங்கம் நாட்களை எண்ணத் தொடங்கினார். ஏனென்றால் நுவரெலியாக்காரர்கள் ஒரு வெள்ளிக்கிழமை லொறியோடு வருவதாகச் செய்தி வந்துவிட்டது. டொக்டர் நதா முதுகை அழுத்திப் பார்ப்பார். நோகவில்லை என்றால் அப்போதே ஏற்றிக்கொண்டு போவார்கள்.

“போகட்டுமே, நல்ல இடம்தானே?” என்றாள் கனகேஸ்வரி, வியாழக்கிழமை சாப்பிடும்போது.

“நல்ல இடம்தான்.”

“பிறகென்ன, சோத்தைக் குழைச்சுக்கொண்டு இருக்கிறியள்?”

“எல்லாரும் நல்ல இடத்துக்குத்தான் போகினம், கனகம்” என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் கடைசி முறையாக நூரியின் கழுத்தில் கை வைத்தார். எல்லாம் வழக்கம்போல. உதடு தொங்கியது, கொட்டாவி விட்டது, தலையை நெஞ்சில் சாய்த்தது. வெளியே லொறி வந்து நின்ற சத்தமும், ஷிப்லி விருந்தாளிகளை வரவேற்கிற சத்தமும் கேட்டன. டொக்டர் நதா கையுறை போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

“ரெடியா சேர்?”

ஒரே ஒரு சொல். அதைச் சொன்னால் போதும். முதுகு கல்லாகும், நதாவின் விரல் பட்டதும் நூரி துள்ளும், லொறி வெறுமையாகத் திரும்பும். யாருக்கும் தெரியாது. குற்றம் என்றுகூடச் சொல்லமுடியாது. பிரிகிற நேரத்தில் சொல்லிக்கொண்டு பிரிவது அவருடைய வழக்கம். பிறகு எத்தனையோ செவ்வாய், எத்தனையோ வெள்ளி இந்தத் தலை தன் நெஞ்சில் சாயும். சொல் நாக்கு நுனிவரை வந்து நின்றது. உண்மையாகவே வந்து நின்றது.

நூரியின் விலா, அந்தக் காலை நேரத்திலும், வெக்கைக்கு வேகமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தார்.

“ரெடி டொக்டர்” என்றார். தண்ணீர் வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

நதா முதுகு முழுக்க அழுத்திப் பார்த்தார். நூரி வாயைச் சப்பிக்கொண்டு நின்றது. ஓடவிட்டுப் பார்த்தார்கள், நன்றாக ஓடியது. வந்தவர்களுக்குப் பிடித்துவிட்டது. ஷிப்லி சந்தோஷத்தில் எல்லோருக்கும் பிளேன் ரீ ஊற்றச் சொன்னார்.

ஏற்றுகிற நேரத்தில்தான் சிக்கல் வந்தது. லொறியின் சாய்பலகைக்கு முன்னால் வந்து நூரி நின்றுவிட்டது. பியதாச கயிற்றை இழுத்துப் பார்த்தார், வெல்லம் காட்டிப் பார்த்தார். அது தலையைத் திருப்பித் திருப்பி முற்றம் முழுக்கத் தேடியது. பிறகு ஒரு தரம் கனைத்தது.

முத்துலிங்கம் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் நின்றார். வாளி இன்னும் கையில் இருந்தது.

ஷிப்லி அவரைக் கண்டுபிடித்து ஓடிவந்தார். “என்ன சேர் இங்க நிக்கிறீங்க? அது ஒங்களத்தான் தேடுது. வந்து ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்களேன்.”

“வேண்டாம் ஹாஜியார்.”

“பாவம் சேர்.”

“பாவம் எண்டுதான் வரேல்லை. சத்தம் போடாதேங்கோ.”

அவர் தாங்கியின் சீமெந்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். நூரி இன்னொரு தரம் கனைத்தது. அவருடைய கால் தானாக ஒரு அடி முன்னுக்குப் போனது. வாளிப் பிடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு காலைத் திருப்பி எடுத்தார். கண்ணிலிருந்து வழிந்தது, துடைக்கக் கை இல்லை. அப்போதுதான், சாய்பலகையில் முதல் குளம்பு விழுகிற சத்தம் கேட்டது. பிறகு இரண்டாவது. பிறகு கதவு சாத்துகிற சத்தம்.

லொறி பாலத்தில் ஏறும்வரை அவர் வெளியே வரவில்லை.

பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது கனகேஸ்வரி மூக்கைப் பொத்தவில்லை. முகத்தைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவள் கையில் போன் இருந்தது, ஸ்பீக்கரும் போட்டிருந்தது. கனடாவில் காலை, ஆரணி வேலைக்குப் போகிற பஸ்ஸில் இருந்தாள். முத்துலிங்கம் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். சுவர்க் கொளுக்கியில் குளிர்ச்சட்டை தொங்கியது. அதன் கையை ஒரு தரம் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

“இஞ்சை தாரும்” என்றார்.

கனகேஸ்வரி போனைக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு வாயில் வந்த பகிடியை விழுங்கிக்கொண்டாள்.

“பிள்ளை.”

“அப்பாவோ?” அந்தப் பக்கம் குரல் தடுமாறியது. “அப்பா... அம்மா சொன்னவ. நூரி இண்டைக்குப் போட்டுதாம்.”

“ஓம். நல்ல இடம். நல்ல குளிர். புல்லு இருக்குதாம்.”

“நீங்கள் கவலையா இருப்பியள்.”

“ஓம் பிள்ளை. சரியான கவலை.”

அவள் போனை வாயோடு சேர்த்துப் பிடித்திருக்கவேண்டும், பஸ்ஸின் இரைச்சல் குறைந்தது. பிறகு அவள், சின்ன வயதில் கேட்பதுபோல, கேட்டாள்.

“அதுக்குப் போட்டு வாறன் எண்டு சொன்னீங்களோ அப்பா?”

“இல்லை. தண்ணித் தாங்கிக்குப் பின்னாலை ஒளிச்சு நிண்டனான்.”

“ஏன்?”

“என்ரை முகத்தைக் கண்டா அதுக்குக் கால் வராது பிள்ளை.”

பஸ்ஸின் மணி அடித்தது, கதவு திறந்தது, மூடியது. ஆரணி இறங்கவேண்டிய இடம் அதுவாக இருந்திருக்கலாம். அவள் அழுகிற சத்தம் கேட்டது. முத்துலிங்கம் போனைக் காதோடு சேர்த்து, குதிரையின் கழுத்தில் கை வைத்தால் நிற்பதுபோல ஒன்றும் பேசாமல் நின்றார். கனகேஸ்வரி அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் இருந்தாள்.

போனை வைக்கட்டோ என்று இரண்டு பேரில் ஒருவரும் கேட்கவில்லை.